ஃபுகுவோக்கா கையேட்டின் கடைசிப் பக்கம்

செப்டம்பர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு நான்தான் அமைப்பாளர். அதைப் பற்றித்தான் கேட்பார் என்று நீலக் கோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு, நிஷிவாகி."

தொரிகாய் முதலாளி கதவைச் சாத்தச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஹிகாஷி ஒசாகாவில் சாப்பாட்டு டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறை எங்களுடையது. முதலாளியையும் சேர்த்துப் பதினான்கு பேர். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது. அப்புறம் எதற்குக் கதவு?

"எந்த ஊரு முடிவாச்சு?"

"ஃபுகுவோக்கா. ஒன்பது பேர் கை தூக்கிட்டாங்க. நவம்பர் பதினஞ்சு, பதினாறு. சனி, ஞாயிறு."

"நல்லதா பண்ணு. விடுதி நல்லதா பாரு. ஆத்தங்கரைப் பக்கம். போன தடவை மாதிரி கழிவறை வரிசையில நிக்க வைக்காதே."

போன ஆண்டு அந்த விடுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவரே இவர்தான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசை மேல் கிடந்த ஒரு மூடியை எடுத்து விரலால் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"டிசம்பரோட மூடுறேன். பட்டறையை."

பெரிய கடைக்காரர்கள் காகித மூடிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு வாடிக்கை. அவர்களுடைய ஆண்டுக் கடைசி ஆர்டரை நவம்பர் ஏழாம் தேதி எழுதி வாங்கிவிட்டால், அதை வைத்து எல்லோருக்கும் பணிக்கொடை கொடுத்துவிடலாம். அதற்கு முன்னால் செய்தி கசிந்தால் அவர்கள் அன்றைக்கே வேறு பட்டறை தேடிப் போய்விடுவார்கள். அப்புறம் யாருக்கும் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் அவர் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

"சுற்றுலா முடிஞ்ச திங்கட்கிழமை காலையில நானே எல்லாருக்கும் சொல்றேன். அதுவரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக் கூடாது."

"எதுக்கு முதலாளி என்கிட்ட மட்டும் சொன்னீங்க?"

"சொல்லலேன்னா நீ பாதி விலை விடுதியைத்தானே தேடுவே?" மூடியைக் கீழே வைத்தார். "யாருகிட்டயாவது சொல்லணும் போலவும் இருந்துச்சு."

மணி அடித்தது.

சாப்பாட்டு அறையில் என் இடத்துக்கு எதிரே உமேமோட்டோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். நானும் அவனும் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பட்டறையிலேயே பெரிய வார்ப்பு இயந்திரம் அவனுடையது. பெரிய வாயும் அவனுடையதுதான்.

"அமைப்பாளர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்றான். "என்னப்பா, முதலாளி என்ன சொன்னாரு? இந்தத் தடவையும் கூடாரம் போட்டுத் தூங்கணுமா?"

"நல்ல விடுதி பாக்கச் சொன்னாரு."

"முதலாளியா? உடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டப்பாவைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த அரை மணி நேரம் ஃபுகுவோக்காவை எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டார்கள். லாரி ஓட்டும் ஷின்டானிக்கு ஆற்றங்கரைத் தள்ளுவண்டிக் கடைகள். ஒரு வண்டியில் நூடுல்ஸ், அடுத்ததில் சுட்ட கோழி, அதற்கடுத்ததில் மது என்று ஒன்பது வண்டி ஏறி இறங்க வேண்டுமாம். பொதி கட்டும் பிரிவில் மூடிகளை எண்ணி அடுக்கும் ஹாமசாகி அக்காவுக்குக் குடல் கறி.

"ஃபுகுவோக்கா வரைக்கும் போயிட்டு முட்டைக்கோசு போட்ட குடல் கறி சாப்பிடாம வந்தா, என் வீட்டுக்காரரு என்னை உள்ளயே விடமாட்டாரு."

"முப்பது வருஷமா நீங்க வேண்டிக்கிட்டதே அதுதானே அக்கா?" என்றான் உமேமோட்டோ.

"நாம மூடி செய்யறோம் மூடி செய்யறோம்னு பேரு. இவன் வாய்க்கு ஒண்ணு செய்ய முடியுதா பாருங்க." அக்கா என்னைப் பார்த்தார். "நிஷிவாகி தம்பி, கடை சுத்த எத்தனை மணி நேரம் போட்டிருக்கே? சுரங்கக் கடைவீதிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் வேணும். அப்புறம் கிளம்பறப்போ ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம். இனிப்புப் பெட்டி வாங்கணுமே. வாடிக்கைக்காரங்களுக்கு ரெண்டு, அச்சகத்துக்கு ஒண்ணு, எதிர் வீட்டுக்கு ஒண்ணு, தபால்காரருக்கு ஒண்ணு. வருஷா வருஷம் குடுத்துட்டு இந்த வருஷம் குடுக்கலேன்னா என்ன நினைப்பாங்க?"

"எழுதிக்கிறேன் அக்கா," என்றேன். திங்கட்கிழமை காலை அந்த இனிப்புப் பெட்டிகளை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று மனசு ஓடியது.

அப்போதுதான் உமேமோட்டோ மேசையைத் தட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நானும் ஒரு சேதி சொல்லணும். வீடு வாங்கப் போறேன்."

பக்கத்து ஊர் யாவோவில் புதுக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. பெரிய மகள் தன் அறைச் சுவருக்குப் பச்சை நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாளாம். வங்கி முப்பத்தைந்து ஆண்டுக் கடனுக்குத் தலையாட்டிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை வைத்து முன்பணத்தைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. கட்டிய முன்பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது.

"நவம்பர் ஒன்பது, ஞாயித்துக்கிழமை. முழு நல்ல நாள். என் மாமியாரு நாள்காட்டியைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கறாங்க. வேற எந்த நாளும் ஒத்துக்க மாட்டாங்க." நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அதனால நண்பர்களே, இன்னும் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு என்னை இந்தப் பட்டறையிலேர்ந்து யாரும் கிளப்ப முடியாது. எழுபத்து நாலு வயசுல அந்த இயந்திரத்து மேலயே சாஞ்சு சாகப் போறேன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு கையில் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டே தட்டியதால் சத்தமே வரவில்லை.

அக்டோபர் முழுக்க என் வேலை இரண்டாகப் பிரிந்தது. பகலில் விடுதிக்குப் பேசினேன், கடைக்குப் பேசினேன், தசாய்ஃபு கோயிலுக்குப் போகும் பேருந்து நேரத்தைக் குறித்தேன். கோயில் வாசலில் சுடச் சுடத் தரும் பயறு வைத்த அரிசி மாவுப் பண்டம் ஆளுக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டுப் பட்டியல் போட்டேன். குறட்டை விடும் ஷின்டானியோடு யாரைப் படுக்க வைப்பது என்று சீட்டுக் குலுக்கினேன். உமேமோட்டோ தப்பித்து என் அறைக்கு வந்தான். பட்டியல் போடும்போதெல்லாம் மனசு நாள்காட்டிக்கே போய் நின்றது. ஒன்பதாம் தேதி முத்திரை. பதினேழாம் தேதி அறிவிப்பு. நடுவில் எட்டு நாள்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் உமேமோட்டோவிடம் சொல்வது ஒலிபெருக்கியில் சொல்வது போல. அவன் மனைவியிடம் சொல்வான், மனைவி மாமியாரிடம் சொல்வாள், மாமியார் கடை வைத்திருப்பதே எங்கள் வாடிக்கைக்காரருடைய கிடங்குக்கு எதிரே. பன்னிரண்டு பேருடைய பணிக்கொடை அந்த ஒரு வாயில் இருந்தது. என்னுடையதும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபதாம் தேதி காலை ஒரு யோசனை வந்தது. நாள்காட்டி என் கையில் இல்லை. ஆனால் சுற்றுலா என் கையில்தானே இருக்கிறது?

சுற்றுலாவை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டால்? எட்டு, ஒன்பது. முத்திரை வைக்கும் நாளில் அவன் ஃபுகுவோக்காவில் இருப்பான். அடுத்த முழு நல்ல நாள் பதினைந்தாம் தேதி. அதற்குள் பத்தாம் தேதி திங்கட்கிழமை வந்துவிடும். முதலாளியே எல்லோருக்கும் சொல்லிவிடுவார். நான் வாயே திறக்க வேண்டாம்.

விடுதிக்குப் பேசினேன். ஒரு கூட்டம் வராமல் போனதால் எட்டாம் தேதி அறைகள் காலியாக இருந்தன. முதலாளியிடம் கேட்டேன். "ஏழுக்கு அப்புறம்தானே? சரி," என்றார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. மதியம் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று அறிவித்தேன்.

"பதினஞ்சாம் தேதி அங்க ஏதோ பாட்டுக் கச்சேரியாம். ஊர்ல ஒரு அறைகூட இல்லையாம். அதனால எட்டு, ஒன்பதுக்கு மாத்திட்டேன். மன்னிக்கணும்."

"யாரு கச்சேரி?" என்றார் ஹாமசாகி அக்கா.

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "அது... அஞ்சாறு பசங்க சேர்ந்து ஆடுவாங்களே."

"எந்தப் பசங்க? என் பொண்ணு அவனுங்க பின்னாடிதான் ஊர் ஊரா ஓடிக்கிட்டிருக்கா. கேட்டுச் சொல்றேன்."

"ஒன்பதாம் தேதி அங்க சூமோ போட்டி ஆரம்ப நாளு அக்கா," என்று ஷின்டானி குறுக்கே வந்தான். "மல்லருங்க எல்லாம் ஊர்லதான் இருப்பாங்க."

அக்காவுக்குச் சூமோ என்றால் உயிர். கச்சேரி அப்போதைக்கு மறந்துபோயிற்று. நான் உமேமோட்டோவைப் பார்த்தேன். அவன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். மன்னித்துக்கொள்ளடா, உன் நல்லதுக்குத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவன் ஓடிவந்து என் தோளில் அடித்தான்.

"கவலைப்படாதேப்பா! நேத்து ராத்திரி பூரா மாமியாரோட சண்டை. 'பட்டறைச் சுற்றுலா முக்கியமா, வீடு முக்கியமா'ன்னாங்க. 'நிஷிவாகி கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்றான், நான் போகலேன்னா அவன் முகம் என்னாகும்'னு கேட்டேன். கடைசியில அவங்களே நாள்காட்டியைப் புரட்டி வேற நாள் எடுத்துட்டாங்க."

"பதினஞ்சா?"

"பதினஞ்சு வரைக்கும் அந்த விற்பனைக்காரன் காத்திருக்க மாட்டானாம். முன்னாடி இழுத்தாச்சு. நவம்பர் மூணு. விடுமுறை நாள், அதுவும் முழு நல்ல நாள். காலையில முத்திரை, அந்த வாரக் கடைசியில உன்னோட ஃபுகுவோக்கா. இதை விட வேற என்னய்யா வேணும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. 'நல்லதாப் போச்சு' என்று சொல்லியிருப்பேன்.

ஒன்பதாம் தேதியாகவே விட்டிருந்தால்கூட ஏழாம் தேதி ஆர்டர் கைக்கு வந்ததும் எட்டாம் தேதி அவன் காதில் போட்டிருக்கலாம். அந்தக் கதவை நானே அடைத்துவிட்டேன்.

அன்று மாலையே முதலாளி அறைக்குப் போனேன். கதவை நானே சாத்தினேன்.

"உமேமோட்டோவுக்கு மட்டும் சொல்லிடலாம் முதலாளி."

அவர் மேசை மேல் கிடந்த மூடியை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அவன் ஒருத்தனுக்குன்னு பாத்தா, அந்தப் பன்னெண்டு பேர்ல ஹாமசாகி வீட்டுக்காரரு வேலைக்குப் போக முடியாதவரு, ஷின்டானிக்கு மூணு புள்ளைங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார்.

"அவன் முன்பணம்?"

"அடுத்த வேலை கிடைச்சிட்டா அவன் வீட்டையே வெச்சுக்கலாம்."

"முப்பத்தொன்பது வயசுல, மூடி வார்க்க மட்டும் தெரிஞ்சவனுக்கு?"

"நீ அமைப்பாளர். சுற்றுலாவை மட்டும் பாரு, நிஷிவாகி." குரல் உயரவே இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் கோபப்படவாவது முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் ஒன்று, சனிக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. பயணக் கையேட்டை அச்சடித்துப் பின் போட நான் மட்டும் போனேன். எட்டுப் பக்கம். ரயில் நேரம், பெட்டி எண், யாருக்கு எந்த அறை, எந்த வேளை எங்கே சாப்பாடு, எங்கே எவ்வளவு நேரம் கடை சுற்றலாம், தொலைந்துபோனால் யாருக்குப் பேச வேண்டும். எல்லா ஆண்டும் இதேதான். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு. 'அடுத்த ஆண்டு அமைப்பாளர்' என்று போட்டு, இந்த ஆண்டுக்காரர் யாரையாவது பிடித்து அந்தப் பெயரை எழுத வேண்டும். இரவு விருந்தில் நீலக் கோப்பு கைமாறும். போன ஆண்டு அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

அந்தக் கோட்டை நான் காலியாக விட்டிருந்தேன்.

பத்து மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம். உமேமோட்டோ. கையில் சூடான காப்பி டப்பா இரண்டு.

"தனியா குத்திக்கிட்டு இருப்பேன்னு தெரியும். நகரு. நீ அடுக்கு, நான் பின் போடறேன்."

அவன் வேகமான கைக்காரன். பத்துப் பன்னிரண்டு பிரதியை முடித்துவிட்டான். வாய் அதைவிட வேகமாக ஓடியது. மகள் பச்சைச் சுவரில் தவளை வரையப் போகிறாளாம். மனைவி சிஹோ சமையலறையை அளந்து அளந்து அளவு நாடாவே தேய்ந்துவிட்டதாம். பிறகு ஒரு பிரதியைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றான்.

"ஏய், இது காலியா இருக்கே."

"யாரும் ஒத்துக்கல."

"யாரைக் கேட்டே? என்னைக் கேட்டியா?" நெஞ்சை நிமிர்த்தினான். "என் பேரைப் போடு. முப்பத்தஞ்சு வருஷமும் நானே பண்றேன். இந்த ஜப்பான்ல ஒரு ஊரு மிச்சம் வைக்க மாட்டேன். அடுத்த வருஷம் ஹக்கோதாத்தே. காலையில நண்டு, மத்தியானம் நண்டு, ராத்திரி நண்டு. எழுது, எழுது."

பேனாவை என் கையில் திணித்தான். நான் முனையைக் கோட்டின் மேல் வைத்தேன். மை ஒரு புள்ளியாக ஊறியது. அது பெரிதாகிக்கொண்டே போனது.

"என்னப்பா, என் பேரு எப்படி எழுதறதுன்னு பதினாறு வருஷத்துல மறந்து போச்சா?"

"நாளன்னைக்கு முத்திரை வைக்காதே," என்றேன்.

"என்னது?"

"வைக்காதே. ஏன்னு கேக்காதே."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த மைப் புள்ளியைப் பார்த்தான், காலியான கோட்டைப் பார்த்தான். நல்ல விடுதி, ஆற்றங்கரை அறை, முதலாளியின் சாத்திய கதவு. எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாக அடுக்குவது எனக்குத் தெரிந்தது. பின் போடும் கருவியை மெதுவாக மேசையில் வைத்தான்.

"எப்போ?"

"டிசம்பரோட."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஏழாம் தேதி ஆர்டர் எழுதி வாங்கற வரைக்கும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது."

"உனக்கு எப்போ தெரியும்?"

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"செப்டம்பர் கடைசியில."

"அஞ்சு வாரம்." விரல் விட்டு எண்ணினான். "நான் வீடு வாங்கறேன்னு சொன்னேனே, அன்னிக்கு?"

"அன்னிக்குத்தான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"நீ கைதட்டினே."

நான் அடுத்த பிரதியின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தேன்.

"அஞ்சு வாரமா என்கிட்ட வந்து கோழியா குடலா, அரிசிப் பண்டம் ஒண்ணா ரெண்டான்னு கேட்டுக்கிட்டு இருந்தே. ஷின்டானி பக்கத்துல படுக்க முடியுமான்னு கேட்டே. நான் உனக்காக மாமியார்கிட்ட..." நிறுத்தினான். "அந்தக் கச்சேரி?"

"கச்சேரி எதுவும் இல்லை. ஒன்பதாம் தேதி உன்னை ஊர்ல இல்லாம பண்ணிட்டா அறிவிப்புக்கு அப்புறம்தான் முத்திரை வைப்பேன்னு நினைச்சேன்."

"அதுக்குப் பதிலா ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாமே, நிஷிவாகி."

"உன் வாய்..."

"ஆமா. என் வாய்." எழுந்தான். "எல்லாரும் சிரிக்கறதுக்காகத் திறந்து வெச்சிருக்கற வாய். அதை வெச்சு என்னை எடை போட்டுட்டே."

வாசல் வரை போனவன் திரும்பினான். "சிஹோகிட்ட என்ன சொல்றது? நீயே யோசிச்சுச் சொல்லேன். நேரம் எல்லாம் நல்லா போடறவனாச்சே நீ."

சைக்கிள் போய்விட்டது. அவன் வைத்துவிட்டுப் போன காப்பி டப்பா ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மை பட்ட பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்தேன்.

நவம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை. அவன் வருவானா, வந்தால் என்ன சொல்லுவான் என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு முறை விரல் இயந்திரத்தில் மாட்டப் பார்த்தது. அவன் வந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தான். மதியம் கையேட்டுக் கட்டோடு சாப்பாட்டு அறைக்குப் போனபோது எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"வெச்சாச்சா? முத்திரை வெச்சாச்சா?" என்று ஷின்டானி குதித்துக்கொண்டிருந்தான்.

உமேமோட்டோ என்னைப் பார்க்கவில்லை. ஒரு கணம் வாயைத் திறந்து மூடினான்.

"வெச்சாச்சு," என்றான். "கை நடுக்கத்துல முத்திரை கொஞ்சம் கோணலா விழுந்துடுச்சு. அது ஒண்ணுதான்."

ஒரே ஆரவாரம். ஹாமசாகி அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து வாங்கிய சுவர்க் கடிகாரம்.

"சிவப்புதான் அழகா இருந்துச்சு. ஆனா புது வீட்டுக்குச் சிவப்பு ஆகாது, தீ பிடிக்கும்பாங்க. அதான் நீலம். உன் பொண்ணோட பச்சைச் சுவத்துக்குப் பொருந்துமா?"

"ரொம்ப நல்லா பொருந்தும் அக்கா," என்று அவன் இரண்டு கையாலும் வாங்கி நெற்றி தரையைத் தொடுவது போலக் குனிந்தான். நிமிர அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள். வாங்காத வீட்டுக்குக் கடிகாரம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

நான் கையேடுகளைக் கொடுக்கத் தொடங்கினேன். எப்படியாவது பேச்சு மாறட்டும் என்று. அக்கா தன் பிரதியைப் பின்னாலிருந்து புரட்டினார்.

"தம்பி, கடைசிப் பக்கம் காலியா இருக்கு."

"அது... விருந்துல சொல்லிக்கலாம்னு."

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் காலியா வந்ததில்லையே." மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு. என் பொண்ணு சொல்றா, பதினஞ்சாம் தேதி ஃபுகுவோக்காவுல ஒரு கச்சேரியும் கிடையாதாம். முதலாளி என்னடான்னா நல்ல விடுதி போடச் சொல்றாரு. என்னடா மறைக்கறே?"

சிரிப்பெல்லாம் நின்றது. பதினொரு முகம் என் பக்கம் திரும்பியது. ஏழாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள். எனக்கு அடுத்த பொய் வரவில்லை.

"நான்தான் அக்கா மாத்தச் சொன்னேன்," என்றான் உமேமோட்டோ.

கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"பதினஞ்சாம் தேதிதான் வீட்டுச் சாவி தர்றாங்க. அதுக்குத்தான் முத்திரையையும் முன்னாடி இழுத்தேன். அன்னிக்கும் நல்ல நாளு. என்னால பதினாலு பேரோட தேதி மாறுதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேற ஏதாவது காரணம் சொல்லுன்னு இவன்கிட்ட கெஞ்சினேன். இந்த முட்டாள் கச்சேரின்னு உளறிட்டான். பொய் சொல்லத் தெரியாதவன்கிட்ட போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

ஷின்டானிதான் முதலில் சிரித்தான். அக்கா உமேமோட்டோவின் முதுகில் ஒரு அடி வைத்தார்.

"இதுக்காடா இத்தனை? வீடு வாங்கறவனுக்கு ஒரு வாரம் மாத்தினா நாங்க குறைஞ்சா போயிடுவோம்? சரி, கடைசிப் பக்கம்?"

"அதுவும் நான்தான். எழுத நேரம் கிடைக்கல."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவனே எடுத்தான். அக்காவின் பிரதியை வாங்கி, கோட்டின் மேல் தன் பெயரை முழுதாக எழுதினான்.

"உமேமோட்டோவா? செத்தோம்!" என்று யாரோ கத்தினார்கள். "எந்த ஊரு?"

"ஹக்கோதாத்தே."

"நண்டு உண்டா?"

"மூணு வேளையும் நண்டுதான்."

"எனக்கு நண்டு ஆகாதுப்பா, சொறி வரும்," என்றான் ஷின்டானி. அதைக் கேட்டு மறுபடி சிரிப்பு. ஒவ்வொருவராகப் பிரதியை நீட்டினார்கள். அவன் நின்றபடியே எழுதிக் கொடுத்தான். யார் சொறியைப் பற்றிச் சொன்னாலும், யார் கடலுணவுச் சந்தையைப் பற்றிச் சொன்னாலும், ஊர் பூராவையும் சுற்றிப் பார்த்தவன் போலப் பதில் சொன்னான். முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே நின்றுகொண்டு எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிரதியையும் உமேமோட்டோ எழுதி, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

என்னுடையதையும் நீட்டினேன். வாங்கினான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, மற்றவர்களுக்காக. பேனாவை மூடிக் கையேட்டுக்கு உள்ளே செருகி, என் நெஞ்சில் வைத்து மெதுவாகத் தள்ளினான்.

"சனிக்கிழமை ஷின்டானி பக்கத்துல நானே படுத்துக்கறேன்," என்றான் என் காதில் மட்டும் படும்படி. "என் அறையை மாத்திடு."

மணி அடித்தது. எல்லோரும் ஃபுகுவோக்காவையும் ஹக்கோதாத்தேயையும் பேசிக்கொண்டே இயந்திரங்களுக்குத் திரும்பினார்கள். நான் என் பிரதியைத் திறந்து பார்த்தேன். அந்தக் கோடு வெறுமையாக இருந்தது.